திருவாதிரைக்கு என்ன நிறம்?

"டீச்சர், எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

யதுர்ஷன் இதைச் சொன்னபோது நாங்கள் பள்ளிக்கூட மைதானத்தில், வாவியை ஒட்டிய மூலையில் நின்றோம். நீண்ட மின்வெட்டு நாட்கள் அவை. பொழுதுபட்டதும் நாவற்குடா ஒரேயடியாக அணைந்துவிடும். தெற்கே காத்தான்குடிக்கு மேலே வழக்கமாகத் தெரியும் கடைத்தெரு வெளிச்சமும் இல்லை. பகலெல்லாம் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்த ஊர், இருட்டில் விறகுப் புகை வாசத்தோடு சுருண்டு கிடக்கும்.

எனக்கு மட்டும் அதில் ஒரு சின்ன இலாபம் இருந்தது. வானம் தெரிந்தது.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்த பிள்ளைகளிடம், வீட்டில் கேட்டுவிட்டு மாலை மைதானத்துக்கு வரச் சொன்னேன். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். சேற்று மணமும் நுளம்புக் கடியும். உச்சிக்குச் சற்றுத் தள்ளி வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் கிடந்தது. அவன் தோளில் திருவாதிரை, காலில் ரைஜல்.

"இந்த ரெண்டையும் பாருங்க. எது சிவப்பு? எது நீலம்? எது சூடு கூட?" என்று கேட்டேன்.

"திருவாதிரைதான் சிவப்பு டீச்சர். அதுதான் சூடும் கூட" என்று முந்திக்கொண்டாள் றிப்கா. காத்தான்குடிப் பிள்ளை. வாப்பாவுக்குப் புடவைக் கடை. எந்தக் கேள்விக்கும் முதல் பதில் அவளுடையதாகத்தான் இருக்கும்.

அந்தப் பிழையான பதிலைத்தான் நானும் எதிர்பார்த்திருந்தேன். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் யதுர்ஷன் அப்படிச் சொன்னான்.

"ஒண்டா? நல்லாப் பாரு" என்றேன்.

"பாத்துட்டன் டீச்சர். ரெண்டும் வெள்ளைதான்."

"டேய், ஒனக்கென்ன கண் பொட்டையா?" என்றாள் றிப்கா. எல்லோரும் சிரித்தார்கள். இருட்டில் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

குளியலறைக் குழாய் கெடுத்த பாடம்

நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு முதல் எதிரி குளியலறைக் குழாய்தான். சுடுதண்ணீருக்குச் சிவப்பு அடையாளம், குளிர்தண்ணீருக்கு நீலம். எங்கள் பிள்ளைகளில் பலர் அப்படியொரு குழாயை வீட்டில் கண்டதில்லை. ஆனாலும் அந்த நினைப்பு எப்படியோ எல்லோருடைய தலையிலும் இருக்கிறது.

நட்சத்திரங்களில் அது தலைகீழ். சிவந்து தெரிவது குளிர்ந்தது. நீலமாய் மின்னுவது கொதிப்பது. எங்கள் சூரியன் இரண்டுக்கும் நடுவில்.

இதை விளக்க ஆய்வுகூடத்தில் ஒரு குமிழ் விளக்கு வைத்திருந்தேன். மின்னோட்டத்தை மெல்லக் கூட்டினால் இழை முதலில் மங்கிய சிவப்பாகும். பிறகு செம்மஞ்சள், மஞ்சள், கடைசியில் கண் கூசும் வெள்ளை. நிறம் மாறுவதும் வெளிச்சம் கூடுவதும் சூடு ஏறுவதும் ஒன்றாகவே நடக்கும். பிள்ளைகள் அதைப் பார்க்கும்போது நான் விளக்கைப் பார்ப்பதில்லை. அவர்களுடைய முகங்களைத்தான் பார்ப்பேன்.

நான் உயர்தரம் படித்த காலத்தில் எனக்கு இதையெல்லாம் யாரும் காட்டவில்லை. காட்டியிருக்கவும் முடியாது. அப்போதும் ஊரில் மின்சாரம் இல்லை, வானம் கன்னங்கரேலென்று கிடந்தது. ஆனால் பொழுதுபட்டால் முற்றத்தில் நிற்க அம்மா விடமாட்டார். வெளியே நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒருவரை ரோந்து வருபவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? அவ்வளவு நல்ல வானத்தைக் கூரைக்குக் கீழே இருந்தபடியே இழந்தோம். போன கிழமை இந்தப் பத்தியில் கல்லடிப் பாலத்தைப் பற்றி எழுதியபோது அந்த யுத்த வருடங்களைத் தவிர்த்துக்கொண்டேன். இதிலும் அதிகம் சொல்லப்போவதில்லை.

மின்வெட்டு வந்தபோது ஊரே சபிக்க, நான் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண்ணிறமா சிவப்பா

யதுர்ஷன் சொன்னதை வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன். நட்சத்திரத்தின் நிறம் மெல்லியது. சிலருக்குச் சட்டென்று பிடிபடாது. அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருக்கலாம். ஆனால் வேறொன்று நினைவுக்கு வந்தது.

மின்சுற்றுப் பாடத்தில் வரும் தடைகளின் மேல் நிறக் கோடுகள் இருக்கும். மண்ணிறம், சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் பெறுமானத்தைக் கணக்கிட வேண்டும். கணக்கில் புலியான யதுர்ஷன், அந்தக் கோடுகளை மட்டும் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டுத்தான் எழுதுவான்.

அடுத்த நாள் இடைவேளையில் அவனை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டேன். மேசையில் நிறச் சோக்குத் துண்டுகளைப் பரப்பி, "இதில சிவப்ப எடு மனே" என்றேன்.

அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, மண்ணிறத்தை எடுத்தான்.

"பச்சையை எடு."

கை ஒரு துண்டின் மேல் போய், திரும்பி, இன்னொன்றின் மேல் நின்றது. எடுக்கவில்லை. "டீச்சர், இது சோதனையா?" என்று கேட்டான்.

அவனை உட்கார வைத்துச் சொன்னேன். கண்ணுக்குள்ளே நிறத்தை உணரும் உயிர்க்கலங்கள் மூன்று வகை. சிலருக்குப் பிறக்கும்போதே அதில் ஒரு வகை சரியாக வேலை செய்யாது. சிவப்பு, பச்சை, மண்ணிறம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து தெரியும். அது நோய் இல்லை. பார்வை குறைவதும் இல்லை. மருந்தும் இல்லை.

கடைசியில், "அப்ப கப்பல் டீச்சர்?" என்றான்.

உயர்தரத்துக்கு வந்த முதல் நாளே அவன் வகுப்பில் எழுந்து நின்று சொன்னது அது. வணிகக் கப்பலில் அதிகாரியாக வேண்டும். தன்னாமுனையில் வாவியோரத்து வீடு. தோணி ஓட்டத் தெரிந்த பிள்ளை. அதைவிடப் பெரிய தண்ணீரைப் பார்க்க ஆசைப்பட்டான்.

"அதுக்கு வைத்தியப் பரிசோதனை இரிக்கு. நிறம் பாப்பாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும் டீச்சர். கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு லைட், வலப்பக்கம் பச்சை. எல்லாம் பாடமாக்கிட்டன்."

"பாடமாக்கினாக் காணாது மனே. தூரத்தில வாற கப்பல்ர லைட்டப் பாத்துத்தான் அது எந்தப் பக்கம் போகுது எண்டு சொல்லோணும்."

அவன் சோக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினான். மூடியைப் போட்டான். "வாறன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் வரவில்லை.

தன்னாமுனையில் ஒரு காலை

சனிக்கிழமை பஸ்ஸில் தன்னாமுனைக்குப் போனேன். ஏறாவூர்ப் பக்கம் போகும் பஸ் எதுவும் நேரத்துக்கு வராத காலம் அது. நெரிசலில் ஒற்றைக் காலில் நின்று போனேன்.

யதுர்ஷனின் தாய் புஷ்பராணி முற்றத்தில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தார். தகப்பன் கட்டாரில் வேலை. மகன் வீட்டில் இல்லை, மாமாவோடு தோணியில் போய்விட்டான் என்றார்.

"பள்ளிக்குப் போ எண்டாப் போறான் இல்ல டீச்சர். என்ன நடந்தது எண்டு கேட்டா, எனக்குக் கண் பழுது எண்டு மட்டும் சொல்றான். மறுகா வாயே திறக்கான்."

நான் விளக்கினேன். ஆய்வுகூடத்தில் மகனுக்குச் சொன்னதையே இன்னும் எளிமையாகச் சொன்னேன். சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்ற இடத்துக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"இலை எல்லாம் செங்கல் நிறத்தில தெரியுமா டீச்சர்?"

"அப்படியும் தெரியலாம். ஏன் கேக்கிறீங்க?"

அவர் குசினி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரு தம்பி. பெயர் சிவராசா. யதுர்ஷனைத் தோணியில் கூட்டிப்போன அந்த மாமாதான். சின்ன வயதில் அவருக்குப் படம் கீறுவதென்றால் உயிர். ஐந்தாம் வகுப்பில் சித்திரப் பாட வாத்தியார் மாமரம் கீறச் சொல்லியிருக்கிறார். அளவும் நிழலும் அச்சொட்டாக வந்த மரம். ஆனால் இலைகளுக்கெல்லாம் செங்கல் நிறம்.

இலை என்ன நிறம் என்று வாத்தியார் கேட்டார். பச்சை என்று சிவராசா சொன்னார். இது என்ன நிறம் என்று வாத்தியார் படத்தைக் காட்டினார். அதுவும் பச்சை என்றார். பிரம்பு முறியும்வரை அடி விழுந்தது. வேண்டுமென்றே குழப்படி செய்கிறான், முகத்துக்கு நேரே பொய் சொல்கிறான் என்று, அந்தப் படத்தைக் கையில் கொடுத்து வகுப்பு வகுப்பாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"வீட்டயும் அடி டீச்சர். அப்பா எங்கிட்டக் கேட்டாரு, இவன் சொல்றது மெய்யா எண்டு. நான் அதே பள்ளியில ஏழாம் வகுப்பு. இவன் பொய் சொல்றான் எண்டு நானும் சொன்னன். எனக்குச் செங்கல் நிறமாத்தானே தெரிஞ்சது?"

அதன் பிறகு சிவராசா பள்ளிக்கூடம் போகவில்லை. தகப்பனோடு வாவியில் வலை போடப் போனார். பிறகு படமும் கீறவில்லை.

இந்தப் பிறவிக் குறை தாய் வழியாகத்தான் பெரும்பாலும் பையன்களுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அதை அந்த இடத்தில் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் புஷ்பராணி தானே அங்கு வந்து சேர்ந்தார். "தம்பிக்கு இரிக்கு. என்ர புள்ளைக்கு இரிக்கு. அப்ப நடுவில நான்தானே டீச்சர்?"

"உங்களால இல்ல அம்மா. உங்களுக்குள்ளால வந்தது. அவ்வளவுதான்."

அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தேத்தண்ணி வைக்க எழுந்து போனார்.

தோணி திரும்பும்வரை காத்திருந்தேன். யதுர்ஷன் என்னைக் கண்டதும் தயங்கினான். அவனுக்குப் பின்னால் வந்த மெலிந்த மனிதர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பாராமலே வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

"வானத்தப் பாக்கிற வேலை செய்யிறவங்க கண்ண நம்புறதில்ல மனே" என்று தொடங்கினேன். "ஒரு நட்சத்திரத்த நீலக் கண்ணாடி வடிகட்டிக்குள்ளால ஒருக்கா அளப்பாங்க. சிவப்பு வடிகட்டிக்குள்ளால ஒருக்கா அளப்பாங்க. எதில வெளிச்சம் கூட, எதில குறைய, அவ்வளவுதான் கணக்கு. நிறம் எண்ட பேரே தேவையில்ல. அந்த வித்தியாசத்த வச்சே சூட்டச் சொல்லிடலாம். உனக்கு வெளிச்சம் கூடக் குறையத் தெரியுந்தானே?"

"தெரியும்" என்றான்.

"அப்ப திங்கக்கிழமை வா."

இரண்டு கண்ணாடித்தாள்கள்

நிறக் கண்ணாடித்தாளைக் கொண்டுவந்தவள் றிப்கா. யதுர்ஷன் வராதிருந்த கிழமையிலேயே, நடந்ததையும் அப்படியான தாள்களால் நான் செய்ய நினைத்ததையும் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். அன்று முழுவதும் அவள் எந்தக் கேள்விக்கும் கை உயர்த்தவில்லை. மறுநாள் காத்தான்குடியில் கடை கடையாக ஏறி இறங்கி, நீலத்தில் ஒரு சுருளும் சிவப்பில் ஒரு சுருளும் வாங்கிவந்து என் மேசையில் வைத்தாள்.

யதுர்ஷன் வந்த அன்று மாலை, எல்லோருக்கும் முன்னால் அவனிடம் போனாள். "நான் அப்படிச் சொன்னது பிழை. மன்னிச்சுக்க" என்றாள். அவன், "அந்த நீலத்த ரெண்டா மடி" என்றான்.

நான் ஐந்து நட்சத்திரங்களைக் காட்டினேன். நிறத்தைச் சொல்லவில்லை. சூட்டின்படி வரிசைப்படுத்த வேண்டும். மற்றவர்கள் வெறுங்கண்ணால், அவன் தாள்களால்.

மற்றவர்கள் கொஞ்ச நேரத்தில் சண்டைக்குப் போய்விட்டார்கள். ஒருவருக்கு மஞ்சளாகத் தெரிந்தது இன்னொருவருக்கு வெள்ளை. பிரகாசமாக இருப்பதால் அதுதான் சூடு என்று ஒரு கட்சி. யதுர்ஷன் மட்டும் நீலத் தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடிப்பதும், எடுப்பதும், சிவப்பைப் பிடிப்பதுமாக நின்றான். கழுத்து வலித்திருக்கும்.

"ரைஜல்தான் சூடு கூட டீச்சர். நீலத்துக்குள்ள அப்படியே நிக்கிது, சிவப்புக்குள்ள மங்குது. அதுக்கடுத்தது சிரியஸ். அந்த வடக்குப் பக்கத்தது நடுவில. திருவாதிரையும் ரோகிணியும் நீலத்துக்குள்ள காணாமலே போகுது. அது ரெண்டும் கிட்டக்கிட்ட. பிரிச்சுச் சொல்ல ஏலா."

வரிசை சரி. கடைசி இரண்டையும் கையில் பிடித்த தாளால் பிரிக்க முடியாது என்பதும் சரி. முடியாததை முடியாது என்று சொன்னதற்குத்தான் நான் அதிகம் மகிழ்ந்தேன்.

"அப்ப திருவாதிரை குளிர்ந்ததெண்டா மங்கலாத்தானே இரிக்கோணும் டீச்சர்?" என்று றிப்கா கேட்டாள். பழைய றிப்கா திரும்பிவிட்டாள். "ரைஜலுக்குக் கிட்ட வெளிச்சமா இரிக்கே?"

நான் பதில் சொல்வதற்குள் யதுர்ஷன் சொன்னான்: "பெரிசா இருந்தாப் போதும். நெருப்புக் குச்சிச் சுவாலை தணலை விடச் சூடு. ஆனா அடுப்பு நிறையத் தணல் கிடந்தா குசினியே வெளிச்சம்."

எரிவாயு இல்லாமல் எல்லா வீடுகளிலும் விறகு எரிந்த காலம். எல்லோருக்கும் விளங்கியது. என் விளக்கால் நான் இத்தனை வருடங்கள் சொல்லிக்கொடுத்ததில், அளவு என்ற விஷயம் எப்போதும் இழுபறியாகவே இருக்கும். அன்று ஒரு வரியில் முடிந்தது.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் நல்ல கதை. நிறுத்த முடியவில்லை.

யதுர்ஷன் பரீட்சையில் சித்தியடைந்தான். ஆனால் விரும்பிய பல்கலைக்கழகப் பாடநெறிக்குப் புள்ளி கொஞ்சம் போதவில்லை. மறுமுறை எழுதச் சொன்னேன். வீட்டு நிலைமை விடவில்லை. வானியல் படிக்க எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறான். கிழக்கிலிருந்து போகும் பாதை எதுவும் எனக்கும் தெரியவில்லை. இப்போது கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் கணக்கு வேலை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "பரவால்ல டீச்சர்" என்பான். அறை ஜன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும் என்று ஒருமுறை சொன்னான். நான் பேச்சை மாற்றினேன்.

கேற்றுக்கு வெளியே

அந்தக் கண்ணாடித்தாள் மாலைக்குத் திரும்ப வேண்டும். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போகத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடக் கேற்றுக்கு வெளியே, மதிலோரமாக, சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நிற்பது தெரிந்தது. இருட்டில் தனியே அவ்வளவு தூரம் வர வேண்டாமென்று மருமகனோடு கூட வந்த சிவராசா.

"உள்ள வந்து இருந்திருக்கலாமே" என்றேன்.

"இல்ல டீச்சர், நான் இஞ்ச நிக்கிறன்" என்றார். கால் கேற்றின் இரும்புத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே நின்றது. அந்த வயதிலும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அக்கா சொன்னாவா?" என்று கேட்டேன்.

"சொன்னா. அழுதா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல."

யதுர்ஷன் தாள்களைச் சுருட்டிக்கொண்டு றிப்காவோடு பேசிக்கொண்டு நின்றான். எனக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. அந்த மனிதருக்கு முதலிலிருந்து சொன்னேன். கண்ணுக்குள்ளே இருக்கும் கலங்கள், அதில் ஒரு வகை பிறக்கும்போதே மாறியிருப்பது, அதனால் இலையும் செங்கல்லும் ஒரே நிறமாய்த் தெரிவது.

"நீங்க பொய் சொல்லல்ல. உங்களுக்குத் தெரிஞ்சதத்தான் கீறியிருக்கீங்க" என்றேன்.

சைக்கிள் மணியின் மூடியைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றார். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"டீச்சர், இது இப்பதான் கண்டுபிடிச்சதா? இல்லாட்டி நான் படிக்கக்குள்ளயும் தெரியுமா?"

பௌதிகவியல் ஆசிரியை நான். கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் வாய் தானாகத் திறந்துவிடும்.

"அப்பவே தெரியும். நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச விஷயம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அவர் எதற்காகக் கேட்டார் என்பது எனக்கு உறைத்தது.

"அந்தச் சேருக்குத் தெரியாதாக்கும்" என்றார். அடித்தவருக்காக அவரே சமாதானம் சொன்னார். பிறகு மருமகனைக் கூப்பிட்டார். இரண்டு சைக்கிள்களும் விளக்கில்லாமல் கல்லடிப் பக்கம் போயின.

இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பியிருப்பார். யார் மீதும் குறையில்லை, காலம் அப்படி என்று அந்த மனிதர் நிம்மதியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.